மலையடிவாரப் போரும் வாஷிங்டன் ஆவணங்களும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளந்தான் எல்லைகளுக்கு அருகே, தெலோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள கம்போங் ராஜா, புளூ வேலி தேயிலைத் தோட்டத்தையும் சுற்றியுள்ள காய்கறி நிலங்களையும் நம்பி வாழும் சிற்றூராகும். கேமரன் மலையிலிருந்து மேற்குச் சமவெளிக்கு இறங்கும் இரண்டு சாலைகளுள், 1931இல் முடிக்கப்பட்ட பழைய சாலை தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கும், பல பத்தாண்டுகள் கழித்து அமைந்த புதிய சாலை கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கும் செல்கின்றன. இரண்டும் சென்று சேர்வது ஒரே நெடுஞ்சாலையைத்தான். ஈப்போவிலிருந்து தெற்கே சிம்பாங் பூலாய், கோப்பேங், கம்பார், தாப்பா, பீடோர் என நீளும் அந்தச் சாலையில், மலைச்சாலைகள் இரண்டும் வந்து தொடும் இடங்களுக்கு நடுவே, 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பார்ப் போர் நடந்தது. மலாயாவில் ஜப்பானியப் படை சந்தித்த கடுமையான எதிர்ப்புகளுள் அதுவும் ஒன்று. மலையுச்சித் தோட்டங்கள் போர்க்களமாகவில்லை என்றாலும், அத்தோட்டங்களைச் சமவெளியோடு இணைத்த வழி போர்க்களமாயிற்று.

அந்தப் போரையும் அதைத் தொடர்ந்த மூன்றரை ஆண்டுக்கால ஜப்பானிய ஆட்சியையும் ஆவணங்களின் வழி அறிய விரும்புபவர், தேடலைக் கோலாலம்பூரில் தொடங்கலாமே தவிர அங்கேயே முடித்துவிட முடியாது. பிரிட்டிஷ் படையின் ஏடுகள் லண்டனை அடுத்த கியூ ஆவணக் காப்பகத்திலும், இந்தியப் படைப்பிரிவுகள் பற்றிய குறிப்புகளில் ஒரு பகுதி டில்லியிலும், ஜப்பானியப் படையின் எஞ்சிய ஏடுகள் டோக்கியோவிலும் இருக்கின்றன. இவற்றுக்குச் சற்றும் குறையாத மதிப்புள்ள இன்னொரு பகுதி, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில், வாஷிங்டனை ஒட்டிய காலேஜ் பார்க்கில் உள்ளது. மலாயாவில் அமெரிக்கத் தரைப்படை போரிடாததால் அமெரிக்கப் போர் ஆவணங்களுக்கும் இந்த மண்ணுக்கும் தொடர்பில்லை என்று நினைப்பது இயல்பே. ஆனால் ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் மலாயாவின் மீது குண்டு வீசியவற்றுள் அமெரிக்க விமானங்களும் இருந்தன; தோற்ற ஜப்பானின் படை ஏடுகளைக் கைப்பற்றி, மொழிபெயர்த்து, பாதுகாத்து, பின்னர் திருப்பித் தந்தவர்கள் அமெரிக்கர்கள்; சயாம்–பர்மா ரயில் பாதையில் மலாயாத் தமிழர் மாண்ட அதே காட்டில் அமெரிக்கக் கைதிகளும் உழைத்து இறந்தார்கள். எனவே அமெரிக்கப் படையின் போர்களையும் படையெடுப்புகளையும் பதிவுகளின் வழி ஆராயும் முறையைத் தமிழ் ஆய்வாளர் கற்றுக்கொள்வது, தம் சொந்த மக்களின் வரலாற்றைத் தேடும் பணியின் ஒரு பகுதியே ஆகும்.

முதலில் கம்பார்ப் போர். லெப்டினன்ட் ஜெனரல் யமாஷிதா தொமொயுகியின் தலைமையிலான ஜப்பானிய 25ஆம் படை, 1941 டிசம்பர் 8 அதிகாலையில் கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்துக் கரையிலும் இறங்கி, ஜித்ராவில் 11ஆம் இந்தியப் படைப்பிரிவை உடைத்து, மேற்குக் கரை நெடுஞ்சாலை வழியாக விரைந்து தெற்கே வந்தது. ஈப்போவைக் கைவிட்ட பிரிட்டிஷ்–இந்தியப் படை, கம்பாருக்குக் கிழக்கே எழும் பூஜாங் மெலாக்கா மலையின் சரிவுகளில் நிலைகொண்டது. ஒருபுறம் மலை, மறுபுறம் ஈயச் சுரங்கங்களால் திறந்த வெளியாகிவிட்ட நிலம் என்று அமைந்த அந்த இடம், பீரங்கிகளுக்கு வாய்ப்பான காப்பிடமாயிற்று. ஜித்ராவில் சிதைந்த இரண்டு ஆங்கிலப் படையணிகளை இணைத்து உருவாக்கிய ‘பிரிட்டிஷ் பட்டாலியன்’ முகடுகளைக் காத்தது. பஞ்சாப் படையணியின் சீக்கிய வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியுடன் நடத்திய எதிர்த்தாக்குதல் இன்றளவும் படை வரலாறுகளில் இடம்பெறுகிறது. ஆனால் கடல் வழியாகத் தெலுக் ஆன்சன் பகுதியில், அதாவது இன்றைய தெலுக் இந்தானில், ஜப்பானியர் இறங்கிப் பின்புறத்தை அடைக்கும் நிலை தோன்றியதால் ஜனவரி 2 இரவில் கம்பார் கைவிடப்பட்டது. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 7 விடியுமுன், சிலிம் ரிவர் நெடுஞ்சாலையில் ஜப்பானிய டாங்கிகள் புகுந்து சில மணி நேரத்திற்குள் இரண்டு இந்தியப் பிரிகேடுகளைச் சிதறடித்தன. ஜனவரி 11இல் கோலாலம்பூரும் பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன.

இவ்வளவும் எப்படித் தெரியவந்தது என்பதே ஆய்வாளரின் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். பிரிட்டிஷ் மரபில் ஒவ்வொரு படையணியும் ‘போர் நாட்குறிப்பு’ ஒன்றை எழுதவேண்டும். நாள், மணி, இடம், நிகழ்ந்தது, வந்த உத்தரவு ஆகியவற்றை அன்றன்றே பதிந்து, மாத முடிவில் மேலிடத்துக்கு அனுப்பும் ஏடு அது. மலாயாவில் பின்வாங்கும் வேகத்திலும் சரணடையுமுன் நடந்த எரிப்பிலும் இந்த ஏடுகளில் பெரும்பகுதி அழிந்ததால், இன்று ‘போர் நாட்குறிப்பு’ என்ற தலைப்பில் கிடைப்பவற்றுள் பல, சாங்கி சிறைமுகாமிலும் விடுதலைக்குப் பின்னும் அதிகாரிகள் நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தவை. படைத்தலைவர் பெர்சிவலின் அறிக்கை 1948இல்தான் லண்டன் அரசிதழில் வெளிவந்தது. அதன்பின் வெளிவந்த அதிகாரபூர்வ வரலாறுகளான 1957ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நூலும் ஆஸ்திரேலிய நூலும், பிஷேஷ்வர் பிரசாத் பொதுப் பதிப்பாசிரியராக இருந்த வரிசையில் 1960இல் இந்தியா வெளியிட்ட நூலும் பெரும்பாலும் இதே அடிப்படையின்மீது நிற்பவை. தோற்றவர் தம் தோல்விக்குக் காரணம் சொல்லும் தேவையோடு நினைவிலிருந்து எழுதிய பதிவு என்பதை மறந்துவிட்டு அவற்றைப் படிப்பவர், ஒவ்வொரு பின்வாங்கலும் திட்டமிட்டே நடந்ததாக நம்பிவிடுவார்.

அதனால் எதிர்த்தரப்பின் ஏடுகளோடு ஒப்பிடுவது கட்டாயமாகிறது. அங்கேதான் அமெரிக்கா குறுக்கிடுகிறது. 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைந்ததற்கும் அமெரிக்கப் படை டோக்கியோவை அடைந்ததற்கும் இடைப்பட்ட இரு வாரத்தில் ஜப்பானிய அமைச்சகங்களும் படைத் தலைமையகங்களும் மலைமலையாக ஆவணங்களை எரித்தன. தப்பியவற்றை அமெரிக்கர் கைப்பற்றி வாஷிங்டனுக்குக் கொண்டுசென்றனர். போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆஸ்திரேலியாவில் 1942இல் தொடங்கிய நேசநாட்டு மொழிபெயர்ப்பு மையத்தில், அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி வீரர்கள் களத்தில் கிடைத்த நாட்குறிப்புகளையும் உத்தரவுகளையும் ஆங்கிலமாக்கிவந்தனர். போருக்குப் பின் அமெரிக்க ஆணைப்படி முன்னாள் ஜப்பானிய அதிகாரிகள் தத்தம் படையெடுப்புகளை எழுதித் தந்த வரிசை ஒன்று உண்டு, ‘தனிவரைவு’ எனலாம். ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு முழுமையாக எழுதப்படும் அறிக்கை என்பது இதன் பொருள். நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட அவ்வரிசையில் 54ஆம் எண்ணுள்ளது மலாயாப் படையெடுப்பு பற்றியது. கம்பாரையும் சிலிம் ரிவரையும் வென்றவர் தரப்பிலிருந்து அறிய விரும்பும் ஒருவர் ஜப்பானிய மொழி அறியாதபோதும் முதலில் கையில் எடுக்கக்கூடிய ஏடு அதுதான்.

வாஷிங்டனில் இருந்த மூல ஏடுகள் 1958இல் ஜப்பானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, டோக்கியோவிலுள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் வைக்கப்பட்டன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு 1966 முதல் 1980 வரை 102 தொகுதிகளாக வெளிவந்த ஜப்பானியப் போர் வரலாற்று வரிசையின் முதல் தொகுதியே மலாயாப் படையெடுப்பைப் பற்றியது என்பது, அப்போருக்கு ஜப்பானியர் தந்த இடத்தைக் காட்டும். 2001 முதல் அவ்வேடுகளில் பெரும்பகுதி எண்மப் படிகளாக எவரும் காணக் கிடைக்கிறது. ஆக, ஜித்ராவிலிருந்து சிலிம் ரிவர் வரை நடந்த ஒரு போரின் எழுத்துச் சான்று, மலாயாவிலிருந்து டோக்கியோவுக்கும், அங்கிருந்து வாஷிங்டனுக்கும், மீண்டும் டோக்கியோவுக்கும் பயணித்திருக்கிறது. ஒவ்வொரு இடமாற்றத்திலும் சில ஏடுகள் தொலைந்தன, சில நுண்படமாக்கப்பட்டன, சில புதிதாக எண்ணிடப்பட்டன. பழைய நூல் ஒன்று சுட்டும் ஏட்டு எண் இன்றைய பட்டியலில் கிடைக்காமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏடுகளைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கும்போது எழும் முதல் இடர் கடிகாரம். 1941 டிசம்பரில் மலாயாவின் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி முன்னே இருந்தது. ஜப்பானியப் படை எங்கிருந்தாலும் டோக்கியோ நேரத்தையே, அதாவது ஒன்பது மணி முன்னேயுள்ள நேரத்தையே எழுதிற்று. ஒரே தாக்குதலை ஒரு தரப்பு ஐந்து மணி என்றும் மறுதரப்பு ஆறரை மணி என்றும் பதிந்திருந்தால் அங்கே முரண் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே கணம். நாள் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. கோத்தா பாருக் கரையில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8 நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில். பேர்ல் துறைமுகத் தாக்குதல் அமெரிக்க ஏடுகளில் டிசம்பர் 7 காலை. பன்னாட்டு நாட்கோட்டைக் கணக்கில் கொண்டு கழித்துப் பார்த்தால், மலாயாவில் குண்டு வெடித்தது பேர்ல் துறைமுகத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி என்பது தெரியவரும். பசிபிக் போர் தொடங்கிய இடம் ஹவாய் என்று உலகம் சொல்லிவரும் கதையைத் திருத்துவதற்குப் புதிய ஆவணம் எதுவும் வேண்டியதில்லை. உள்ள ஆவணங்களின் மணியைச் சரியாகக் கணக்கிட்டாலே போதும். ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாவின் கடிகாரங்களும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டன என்பதால், அக்காலத்தை நினைவுகூரும் முதியவர் ‘காலை ஆறு மணி’ என்னும்போது அது எந்த ஆறு மணி என்று கேட்கவேண்டியிருக்கும்.

போர் ஆவணங்களைக் காப்பதில் அமெரிக்காவுக்கு நீண்ட மரபு உண்டு. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் இரு தரப்புக் கடிதங்களையும் அறிக்கைகளையும் திரட்டி, 1880க்கும் 1901க்கும் இடையே 128 புத்தகங்களாக அந்நாட்டுப் போர்த்துறையே அச்சிட்டது. தோற்ற தென்மாநிலப் படையின் ஏடுகளையும் வென்றவரின் ஏடுகளோடு சேர்த்தே அச்சிட்டது அதன் தனிச்சிறப்பு. இரண்டாம் உலகப் போரின்போது ஒவ்வொரு கம்பெனியும் நாள்தோறும் ‘காலை அறிக்கை’ ஒன்றை அனுப்பவேண்டும் என்பது விதி. அன்று காலை யார் வந்தார், யார் நோயுற்றார், யார் காயமுற்றார், யார் இறந்தார் என்ற மாற்றங்களை மட்டும் பெயரோடு எழுதும் தாள் அது. போர் முடிந்தபின் எழுதப்படும் ‘நடவடிக்கைக்குப் பிந்தைய அறிக்கை’ தளபதியின் பார்வையில் அமைந்தது. மணிக்கணக்கில் தொலைபேசிச் செய்திகளைப் பதியும் ‘பிரிவுக் குறிப்பேடு’ அதைவிட நம்பத்தக்கது. வெற்றிக்குப் பின் தளபதிகள் எழுதும் அறிக்கையில் எதிரியின் இறப்பு எண்ணிக்கை கூடியே நிற்கும் என்பதால், அதை எதிரியின் சொந்தப் பட்டியலோடு ஒப்பிடாமல் எவரும் ஏற்பதில்லை. இத்தகைய மரபிலும் இழப்புகள் நேர்ந்தன: 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள படைப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீ, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட தனிநபர் கோப்புகளை அழித்தது. அந்தப் பேரிழப்புக்குப் பின்னும் ஒரு வீரனின் பணி வரலாற்றைக் காலை அறிக்கைகளிலிருந்தும் சம்பளப் பட்டியலிலிருந்தும் மீட்டெழுத முடிகிறது. ஒரே பெயர் பல தாள்களில் ஏறியிருப்பதே அதற்குக் காரணம்.

இந்த ஏடுகள் மலாயாவை நேரடியாகத் தொடுவது 1944 இறுதியில். அமெரிக்கத் தரைப்படையின் வான்பிரிவைச் சேர்ந்த 20ஆம் குண்டுவீச்சுத் தலைமையகம், வங்காளத்தின் கரக்பூரையும் அதைச் சுற்றிய சக்குலியா முதலிய விமானத் தளங்களையும் கொண்டு இயங்கியது. அங்கிருந்து எழுந்த பி-29 விமானங்கள் நவம்பர் 5 அன்று, போகவர ஏறத்தாழ நாலாயிரம் மைல் பறந்து, சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் உலர்துறையைத் தாக்கின. 1945 பிப்ரவரி 19இலும் மார்ச் 10இலும் அவை கோலாலம்பூரில் ரயில்வேயின் செந்தூல் தொழிற்கூடத்தின்மீது குண்டு வீசின. மலாயா ரயில்வேயில் யாழ்ப்பாணத் தமிழரும் இந்தியத் தமிழரும் நிறைந்திருந்தனர் என்பதும், செந்தூல் அவர்கள் குடியிருந்த பகுதி என்பதும் மலேசியத் தமிழர் அறிந்ததே. அமெரிக்க அறிக்கைகளோ அந்த இடத்தை மேலிருந்து மட்டும் பார்த்தவை: எத்தனை விமானம் எழுந்தது, எத்தனை இலக்கை அடைந்தது, எத்தனை டன் குண்டு விழுந்தது, வான்படத்தை அளந்து பார்த்ததில் கூரைப் பரப்பில் எத்தனை விழுக்காடு அழிந்தது என்பவை அவற்றில் உண்டு. கூரைக்குக் கீழே நின்றவர் யார் என்பது அவற்றில் இல்லை.

ஒரே ஒரு வகைத் தாளைக் கூர்ந்து பார்த்தால் இந்த மரபின் ஆழம் விளங்கும். விமானம் ஒன்று திரும்பவில்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் ‘காணாமற்போன விமானக் குழு அறிக்கை’ எழுதப்படவேண்டும். எந்தத் தளத்திலிருந்து எழுந்தது, எங்கே எப்போது கடைசியாகக் காணப்பட்டது, அப்போதைய வானிலை என்ன என்று தொடங்கும் அந்தப் படிவத்தில், விமானத்தின் எண், அதன் நான்கு எஞ்சின்களின் எண்கள், பொருத்தியிருந்த இயந்திரத் துப்பாக்கி ஒவ்வொன்றின் வரிசை எண் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அதன்கீழ் விமானியிலிருந்து வால்பகுதித் துப்பாக்கியாளர் வரை ஒவ்வொருவரின் பெயர், பதவி, படை எண் ஆகியவை வரும். நேரில் கண்ட பிற விமானிகளின் கையொப்பமிட்ட கூற்றும், கடைசியாகக் கண்ட இடத்தைக் குறித்த வரைபடமும் பின்னிணைப்பாகச் சேரும். 1945 ஜனவரியில் சிங்கப்பூரைத் தாக்கச் சென்று வீழ்ந்த பி-29 விமானத்திலிருந்து மலாயாக் காட்டில் குதித்த வீரர்களை ‘மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை’ என்னும் கெரில்லாப் படையினர் மறைத்துக் காத்ததை, இத்தகைய தாள்களிலிருந்தும் திரும்பி வந்தோரின் வாக்குமூலங்களிலிருந்தும் படிப்படியாகக் கட்டியெழுப்ப முடிந்திருக்கிறது. ஒரு துப்பாக்கியின் எண்ணைக்கூட எண்பது ஆண்டு கழித்துத் தேடி எடுக்க முடிகிற அளவுக்கு அமெரிக்கா தன் இழப்பைப் பதிந்து வைத்திருக்கிறது.

அதே போரில், அதே மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் நிலையை இதன் அருகில் வைத்துப் பார்ப்பது கடினமானாலும் அது செய்யப்படவேண்டிய ஒப்பீடு. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளும் ரயில் பாதையை ஜப்பானியப் படை 1942இல் தொடங்கி 1943 அக்டோபர் 17இல் இணைத்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகளும், அவர்களைப் போல் மூன்று மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் அதில் உழைத்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டதாகவும், அவர்களுள் பெரும்பான்மையோர் ரப்பர்த் தோட்டத் தமிழர் என்றும் ஆய்வாளர்கள் ஏற்கின்றனர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசைகாட்டியும், பின்னர் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்தும், கடைசியில் கண்ட இடத்தில் பிடித்தும் ஏற்றினார்கள் என்று உயிரோடு திரும்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பாதையில் அமெரிக்கர் ஏறத்தாழ 700 பேர் இருந்தனர். 1942 மார்ச் 1 அதிகாலையில் சுண்டா நீரிணையில் மூழ்கிய ஹூஸ்டன் போர்க்கப்பலில் உயிர் தப்பியவர்களும், ஜாவாவில் பிடிபட்ட டெக்சஸ் பீரங்கிப் பட்டாலியனைச் சேர்ந்தவர்களுமே அவர்கள். அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தனர். யார், எந்த முகாமில், எந்த நாளில், எந்த நோயால் என்பது பெரும்பாலும் தெரியும். உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டுத் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. தப்பி வந்தவர்களின் வாய்மொழிச் சான்றுகளை வட டெக்சஸ் பல்கலைக்கழகம் முறையாகத் திரட்டி வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் கைதிகளுக்கும் ஜப்பானியர் எழுதிய தனித்தனி அட்டைகள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை, கியூவில் உள்ளன. காஞ்சனபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் பெயர் பொறித்து நிற்கின்றன. மலாயாத் தமிழருக்கு அட்டையும் இல்லை, கல்லறையும் இல்லை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன, அவற்றுள் ஒன்றுக்கேனும் பெயர் சொல்ல எவராலும் இயலவில்லை.

ஆயினும் பெயரில்லாத இம்மக்கள் ஏடுகளில் முற்றிலும் காணப்படாதவர்கள் அல்லர். பிறர் எழுதிய தாள்களின் ஓரத்தில் அவர்கள் வருகிறார்கள். 1943 நடுவில் காலரா பரவியபோது, ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கென்று கைதிகளிலிருந்து மருத்துவர்களும் உதவியாளர்களும் அடங்கிய ‘கே’, ‘எல்’ என்னும் இரு குழுக்களை ஜப்பானியர் அனுப்பினர். அவர்கள் போருக்குப் பின் எழுதிய அறிக்கைகளிலும், மலாயாத் தோட்ட மருத்துவராக இருந்து கைதியான ராபர்ட் ஹார்டியின் நாட்குறிப்பிலும், தமிழர் முகாம்களின் நிலை கண்ணெதிரே கண்டவர் சொல்லாகப் பதிவாகியுள்ளது. சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணைகளின் கோப்புகள், போருக்குப் பின் தொழிலாளரைத் திருப்பிக் கொண்டுவந்த பிரிட்டிஷ் படை நிருவாகத்தின் கோப்புகள், இந்திய அரசின் சார்பாளராக வந்த எஸ். கே. செட்டூரின் பணிக் குறிப்புகள் ஆகியவை அடுத்த படிகள். பாதையையும் பாலங்களையும் 1944, 1945இல் தாக்கிய அமெரிக்க விமானங்களின் வான்படங்களில் முகாம்களின் கூரைகள் தெரிகின்றன. படம் எடுத்த நாளும் இடமும் ஓரத்தில் குறிக்கப்பட்டிருப்பதால், எந்த முகாம் எந்த மாதத்தில் இருந்தது என்பதை அவற்றைக் கொண்டு உறுதிசெய்யலாம்.

இவற்றில் எதுவும் பெயரைத் தருவதில்லை. பெயர் இருந்த ஏடு ஒன்றே ஒன்றுதான். அது தோட்ட அலுவலகத்தில் இருந்த செக்ரோல். விடியுமுன் பெரட்டுக் களத்தில் தொழிலாளர் வரிசையாக நிற்க, கிராணி பெயர் பெயராக அழைத்து, வந்தவருக்கு ஒரு குறியும் வராதவருக்கு வேறொரு குறியும் இட்டு, மாத முடிவில் கூலியைக் கணக்கிடும் நீண்ட பேரேடு அது. தேயிலைத் தோட்டமானால் கொழுந்தின் எடையும் பெயருக்கு நேரே ஏறும். பணம் கொடுப்பதற்காக எழுதப்பட்டதால் அதில் பொய்க்கு இடம் குறைவு. அமெரிக்கக் காலை அறிக்கையோடு ஒப்பிடத்தக்க ஏடு மலாயாத் தமிழருக்கு இருந்ததென்றால் அது இதுவே. ஒரு தோட்டத்தின் 1942, 1943ஆம் ஆண்டுச் செக்ரோல்களை மாதம் மாதமாக அடுக்கினால், எந்த மாதத்தில் எத்தனை ஆண்களின் பெயருக்கு நேரே கட்டங்கள் வெறுமையாகின்றன, அவர்களுள் எத்தனை பெயர் 1945 இறுதியில் திரும்ப வருகிறது என்பதை எவரும் எண்ணிப் பார்க்க முடியும். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து ரயிலேறியவர்களின் முதற்பட்டியலை இந்த வழியில் அன்றி வேறு வழியில் ஆக்க இயலாது. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, வீட்டுமனைகளான காலத்தில் இந்தப் பேரேடுகள் கறையானுக்கும் தீக்கும் போயின என்பது மலேசியத் தமிழர் அடைந்த இழப்புகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று; செயின்ட் லூயிஸ் தீயைப் பற்றி நூல்கள் எழுதப்பட்டுள்ளன, இந்த அழிவைப் பற்றி ஒரு கட்டுரைகூட அரிது.

கேமரன் மலையின் பங்கும் இவ்வாறே சிதறிய ஏடுகளில் உள்ளது. போ தோட்டத்தை ஜே. ஏ. ரசல் 1929இல் தொடங்கியபின் 1930களில் மலையெங்கும் தேயிலை பரவியது. 1938இல் உதவி பெற்றுக் குடிபெயரும் தொழிலாளர் வருகையை இந்திய அரசு தடைசெய்ததால், அதன்பின் மலைத் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் மலாயாவுக்குள்ளிருந்தே வரவேண்டியதாயிற்று. எனவே சமவெளித் தோட்டத்தின் வரலாறும் மலைத் தோட்டத்தின் வரலாறும் குடும்பங்களின் வழியே பின்னிக் கிடக்கின்றன. இம்மலைத்தொடரின் மேற்குச் சரிவில், பீடோருக்கு மேலேயுள்ள பிளாந்தான் முகாமில்தான், 1943 இறுதியில் பிரிட்டிஷ் இரகசியப் பிரிவான 136ஆம் படையினரும் ஜப்பானிய எதிர்ப்புப் படையினரும் உடன்பாடு செய்துகொண்டனர். தெமியார் பழங்குடியினரை ஆராய்ந்த பாட் நூன் போர்க்காலத்தில் இம்மலைக்காடுகளில் மறைந்துபோனார். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின் கோப்புகளுள், விடுதலையின்போது பிரிட்டன் தன்னுடன் எடுத்துச்சென்று மறைத்து வைத்திருந்தவை, 2012 முதல்தான் கியூவில் மக்கள் பார்வைக்கு வந்தன. இவை அனைத்திலும் கூர்ந்து பார்த்தால் துரையும் அதிகாரியும் போராளியும் தெளிவாகத் தெரிகிறார்கள். கொழுந்து பறித்தவள் ‘தொழிற்படை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறாள்.

எழுத்தில் ஏறாததை ஈடுசெய்யத் தமிழர் செய்த முயற்சிகளும் குறைத்து மதிப்பிடத்தக்கவை அல்ல. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் தப்பி வந்தவர்களின் நினைவைக் கதையாகக் காத்தன, சீ. அருண் போன்றோர் நேரில் சென்று சான்றுகளைத் திரட்டினர். 1979இல் தொடங்கிய சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்று மையம் ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றி நூற்றுக்கணக்கானோரைப் பேசவைத்துப் பதிந்தது. 2023இல் காஞ்சனபுரியில் மலேசியத் தமிழரும் தாய்லாந்துத் தமிழரும் இணைந்து நடுகல் ஒன்றை நாட்டினர். ஆனால் வாய்மொழிச் சான்றும் எழுத்துச் சான்றும் ஒன்றையொன்று தாங்கும்போதே இரண்டுக்கும் வலிமை. ‘செந்தூலில் குண்டு விழுந்த அன்று’ என்று ஒரு பாட்டி தொடங்கும் நினைவுக்குக் காலேஜ் பார்க்கிலுள்ள தாள் நாளையும் மணியையும் தரும், அந்தத் தாள் காணாத மனிதரைப் பாட்டியின் நினைவு தரும். இரண்டையும் ஒரே மேசையில் வைக்கும் ஆய்வாளர்கள் தமிழில் இன்னும் மிகச் சிலரே.

போரை நினைவில் வைத்திருக்கும் வயதுடையோர் இன்று தொண்ணூறைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். கம்போங் ராஜாவிலும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் உள்ள பழைய லயங்களில், தகரப் பெட்டியின் அடியில், கூலிச் சீட்டோ பிறப்புச் சான்றோ இறப்புச் சான்றோ பழைய தோட்டப் புகைப்படமோ கிடப்பின், அதன் பின்புறத்தில் இன்னார், இன்ன தோட்டம், இன்ன ஆண்டு என்று இன்றே பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். கையில் இருக்கும் கைப்பேசியால் அதைப் படமெடுத்து, மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, படியைக் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ பல்கலைக்கழகத் தமிழ் ஆய்வாளர்களுக்கோ கொடுக்கலாம். தோட்ட அலுவலகங்களில் எஞ்சியுள்ள செக்ரோல்களை எரிக்குமுன் தங்களை ஒருமுறை கேட்கும்படி நிருவாகங்களிடம் கோயில் நிருவாகத்தாரும் பள்ளித் தலைமையாசிரியர்களும் சொல்லவேண்டும். வீட்டில் முதியவர் இருப்பின், அவருடைய தகப்பனார் எந்தத் தோட்டத்தில், எந்த மண்டோரின் கீழ் வேலை செய்தார், ஜப்பான்காரன் காலத்தில் யார் யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்று அவரிடம் கேட்டு, பெயர்களைப் பிழையின்றி எழுதிக்கொள்ளுங்கள்.